ஜெனரேட்டரை வீட்டில் இணைக்கும் முன், மகளுக்கு

குன்னூர்

அன்புள்ள மகளுக்கு,

நீ ஜெனரேட்டர் வாங்கியிருக்கும் செய்தியை உன் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். உனக்குத் தெரியாமல் படத்தையும் அவன் எனக்கு அனுப்பிவிட்டான். அவன் மேல் கோபப்படாதே. கொடைக்கானல் மழையில் கைக்குழந்தையோடு இருட்டிலும் குளிரிலும் இரவுகளைக் கழித்திருக்கிறாய் என்று அவன் சொன்னபோது, வாங்கியது சரிதான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். 2018 நவம்பரில் கஜா புயல் அந்த மலையைக் கடந்து போனபோது மரங்கள் விழுந்து மின்சாரம் நின்றுபோனதை நீயும் மறந்திருக்க மாட்டாய். ஊர்ச் செய்திகளை எல்லாம் அம்மா தொலைபேசியில் சொல்லுவாள். நான் இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

படத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், தரையில், சுருட்டி வைத்த ஒரு வயர் கிடக்கிறது. அதன் இரண்டு முனைகளிலும் 16 ஆம்பியர் பிளக் டாப் மாட்டியிருக்கிறது. ஒரு முனையில் கறுப்பு டேப் பிரிந்து தொங்குகிறது. அது எதற்கென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைக் கீசர் பாயிண்டிலும் செருகினால் வீடு முழுவதும் விளக்கு எரியும் என்று யாரோ உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எரியும். ஆனால் மெயின் சுவிட்சை அணைக்க ஒரே ஒரு முறை மறந்தாலும், அந்த மின்சாரம் உன் மீட்டரைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, டிரான்ஸ்பார்மருக்குப் போய்விடும். 11,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி இறக்கித் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், கீழேயிருந்து 230 வோல்ட் வந்தால் அதை ஏறக்குறைய 10,000 வோல்ட்டாக மேலே ஏற்றி அனுப்பும். பக்கத்து வீடுகளின் லோடு தாங்காமல் ஜெனரேட்டர் தானாகவே நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். மலையில் அதை நம்பக் கூடாது. இங்கே ஒரு டிரான்ஸ்பார்மருக்குக் கீழே சில வீடுகள்தான் இருக்கும்; மரம் விழுந்து நடுவில் கம்பி அறுந்திருந்தால் உன் வீடு மட்டும் லைனில் தனியாக நிற்கும்; அப்போது ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இடது கையால் கையெழுத்துப் போடுவாரே, தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவரும் மாமா, அவர் ஏன் அப்படி எழுதுகிறார் என்று சிறு வயதில் நீ என்னைத் துளைத்துத் துளைத்துக் கேட்டிருக்கிறாய். நான் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனி மாதக் காற்றில் யூகலிப்டஸ் மரம் விழுந்து அறுந்த கம்பியைச் சேர்க்க, லைன்மேனாக இருந்த அவர் கம்பத்தில் ஏறினார். மேலே லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து பூட்டிவிட்டுத்தான் ஏறினார். கீழே ஒரு பங்களாவில், நீ வைத்திருப்பதைப் போன்ற ஒரு வயரைச் செருகி ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தார்கள். உயிர் பிழைத்தார், வலது கை பிழைக்கவில்லை. லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போடாமல் கம்பியைத் தொடக்கூடாது என்பது விதிதான். ஆனால் மழையில், இருட்டில், நான்கு ஊர் ஜனங்கள் கீழே நின்று அவசரப்படுத்தும்போது, விதி தவறும் மனிதனைக் காப்பாற்றுவதற்காகவாவது நம் வீட்டுப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். உன் வீட்டுக்கு வரும் லைன்மேனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், கண்ணு.

ஆகவே அந்த வயரை இன்றே வெட்டிவிடு. பரணில் போட்டு வைக்காதே, வெட்டிவிடு. ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறு முனையின் பின்னை உன் மகன் தொட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதப் போவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். உரிமம் உள்ள ஒரு வயர்மேனை வைத்து, மெயின் போர்டுக்குப் பக்கத்தில், மின்சாரம் வரும் பேஸ் கம்பி, அது திரும்பும் நியூட்ரல் கம்பி இரண்டையும் சேர்த்து மாற்றும் ஒரு டூ போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடச் சொல். அதன் கைப்பிடி மேலே இருந்தால் வாரிய மின்சாரம், கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் இரண்டும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர அதில் வழியே கிடையாது. மறதிக்கு இடமில்லாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு. பேஸ் மட்டும் மாறினால் போதும், நியூட்ரல் பொதுவாக இருக்கட்டும் என்று வயர்மேன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. இரண்டும் மாற வேண்டும். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அப்படியே விட்டால், கசிவு வந்தால் கரண்ட்டை அறுக்க வேண்டிய 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் அறுக்காது. ஜெனரேட்டரிலேயே நியூட்ரலை அதன் பாடியோடும் எர்த்தோடும் சேர்க்கச் சொல். உங்கள் பக்கம் பாறை. கம்பி அடித்த மாத்திரத்தில் எர்த் கிடைத்துவிடாது. குழியை ஆழமாக வெட்டி, அளந்து காட்டச் சொல். வாரிய மின்சாரம் திரும்பிவிட்டதை அறிய, சேஞ்ச் ஓவருக்கு முன்னால் ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கும் வேண்டும். இல்லாவிட்டால் தெரு விளக்கைப் பார்க்க நடுராத்திரியில் வாசலுக்கு ஓடுவாய்.

அடுத்தது குளிர். வெந்நீருக்கும் ஹீட்டருக்கும் சேர்த்துத்தான் 5 கேவிஏ வாங்கினாயாம். கடையில் அந்த எண்ணைச் சமவெளிக் கணக்கில்தான் சொல்லியிருப்பார்கள். உயரம் 300 மீட்டர் கூடக்கூட இன்ஜின் ஏறத்தாழ 3 சதவீத பலத்தை இழக்கும். காற்று மெலிந்துபோவதுதான் காரணம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. மிச்சமுள்ளதிலும் நாள் முழுவதும் ஓட்ட 3 கிலோவாட்டுக்கு மேல் கேட்காதே. உன் கீசர் 2 கிலோவாட். ஆயில் ஹீட்டரும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்ஜின் திணறும், வோல்ட்டேஜ் சரியும், முதலில் ஃபிரிட்ஜ்தான் பழுதாகும். பௌதிகம் படித்தவள், ஏழாம் வகுப்பிலேயே ஃபியூஸ் கட்டையில் கனம் பார்த்துக் கம்பி கட்டியவள், இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம்; அல்லது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விளக்கு, ஃபிரிட்ஜ், மோட்டார், குழந்தை படுக்கும் அறையின் ஒரு ஹீட்டர் பாயிண்ட் ஆகியவற்றைத் தனி டிபி பாக்ஸாகப் பிரித்து ஜெனரேட்டர் பக்கம் கொடு. கீசரை அந்தப் பெட்டிக்கு வெளியிலேயே வை. தவறிக்கூட அது ஓடக்கூடாது. முதலில் மோட்டாரை மட்டும் போட்டுத் தொட்டியை நிரப்பு. அது கிளம்பும்போது தன் அளவைப் போல் பல மடங்கு இழுக்கும். அது நின்ற பிறகு ஃபிரிட்ஜ், அதன் பிறகு ஹீட்டர். குளிக்க வெந்நீருக்கு, பின்கட்டில் இருக்கும் பாட்டியின் செம்பு பாய்லரை ஈயம் பூசிச் சரிசெய்து வை. அது விறகில் எரிவது, மின்சாரமே வேண்டாம். கேஸ் கீசர் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மூடிய குளியலறைக்குள் மட்டும் அதை மாட்டவிடாதே.

இப்போது எனக்குத் தூக்கம் வராமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் ஜெனரேட்டர் நிற்கும் இடம் கண்ணாடி அடைத்த தாழ்வாரம். மழை படாமல் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாய்; எனக்குப் புரிகிறது. ஆனால் பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வரும். தூக்கம் என்று நினைத்தவர்கள் எழுவதில்லை. அடுப்புக்கரிக் கணப்பை அறைக்குள் வைத்துப் படுத்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஊட்டியிலிருந்தும் வந்திருக்கிறது, உங்கள் ஊரிலிருந்தும் வந்திருக்கிறது. அதே விஷம்தான் இதுவும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதே. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, நான்கு கால் நட்டு, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களை அடைக்காமல், அதன் கீழே சிமெண்ட் மேடை கட்டி வை. புகைக்குழாய் வீட்டைப் பார்க்கக் கூடாது. படுக்கையறையில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே. தாழ்வாரத்தில் வைக்காதே. மறுபடியும் எழுதுகிறேன், தாழ்வாரத்தில் வைக்காதே.

அந்த மெஷின் 80 கிலோவுக்குக் குறையாது. அதை நீயே இழுத்துத் தாழ்வாரத்தில் வைத்தாய் என்று தம்பி சொன்னான். ராத்திரியில் மழையில் இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது யார், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இந்தப் பருவத்தில் வேலை அதிகம் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். பொங்கலுக்குப் பிறகு அவர் குரலை நாங்கள் கேட்கவில்லை. நான் எதையும் கேட்கவில்லை, கண்ணு. ஒருவராகவே ஓட்ட வேண்டியிருக்கும் என்றால் கயிறு போதாது, பேட்டரி ஸ்டார்ட் உள்ளதாக மாற்றிக்கொள்; அதற்குக் கூடும் பணத்தை நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

வயர்மேன் வரும் நாளை முன்னதாகச் சொல்லிவிடு. மேட்டுப்பாளையம், கோவை, பழநி என்று பஸ் மாறி முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவேன். எர்த்தை அளக்கும்போதும் சேஞ்ச் ஓவரை மாட்டும்போதும் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நாளாக இருந்தாலும் சரி, இல்லாத நாளாக இருந்தாலும் சரி. என் படுக்கையைக் கூடத்திலேயே போடு. அதுவரை மெழுகுவத்தியும் கம்பளியும் போதும், ஜெனரேட்டரை ஓட்டாதே. அந்த வயரை வெட்டிவிட்டு, வெட்டின துண்டுகளைப் படம் எடுத்து எனக்கு நேராக அனுப்பு, தம்பி மூலமாக வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா