ரகுவுக்கு, தொடர் முடிந்த பிறகு

அன்புள்ள ரகு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் முன்பைவிடத் தேவலை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தெருவில் தண்ணீர் நிற்கிறது, வீட்டுக்குள் வரவில்லை. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. இவ்வளவு வேண்டாம் என்று போன மாதமே சொன்னேன். சுபாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

தொலைபேசியில் நான் எதைத் தொடங்கினாலும் ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இதைப் பாதியில் வைத்துவிடாமல் முழுக்கப் படி.

தென்னாப்பிரிக்காவிடம் குவாஹாட்டி டெஸ்டில் தோற்ற அன்று, நம் சென்னைப் பையன் சாய் சுதர்சனைப் பற்றி நம் குடும்பக் குழுவில் நீ எழுதியதைப் படித்தேன். அந்த வரியை இங்கே திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. சீனு கைதட்டும் படம் போட்டான். உன் சித்தப்பா ‘சரியாகச் சொன்னாய்’ என்றார். அவர்கள் எழுதியிருந்தால் நான் கடந்து போயிருப்பேன். சீனு எல்லாத் தொடருக்கும் அப்படித்தான் எழுதுவான், மறுநாள் மறந்தும் போவான். நீ அப்படிப்பட்டவன் இல்லை. மணியைக் கணக்குப் பார்த்தேன். இங்கே மதியம் என்றால் உனக்கு இரவு இரண்டு, மூன்று இருக்கும். விடிந்தால் அலுவலகம். இரவு பத்தரைக்குத் தொடங்கும் ஆட்டத்தை ஐந்து நாளும் விழித்திருந்து பார்த்தாயா? தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எத்தனை முறை சொல்வது.

கோபப்படாதே என்று நான் சொல்லவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. 549 ஓட்டங்கள் இலக்கு, 140-க்கு எல்லோரும் அவுட், 408 ஓட்டங்களில் தோல்வி. ஓட்டக் கணக்கில் இவ்வளவு பெரிய தோல்வியை இந்தியா கண்டதில்லை. அதைவிடக் கொல்கத்தாதான் என்னைப் படுத்தியது: 124 எடுத்தால் போதும் என்ற ஆட்டத்தில் 93-க்குச் சுருண்டார்கள். கழுத்து வலியோடு கேப்டன் கில் வெளியேறினார், குவாஹாட்டியில் அவர் ஆடவே இல்லை, அதெல்லாம் உண்மை. ஆனாலும் அவர்களின் சுழற்பந்து வீச்சாளர் ஹார்மர் பந்தைத் திருப்பினால் விளையாடத் தெரியவில்லை என்பதும் உண்மைதானே. சொந்த மண்ணில் தொடர்ந்து பதினெட்டுத் தொடர்கள் வென்ற அணி இது. 2024-ல் நியூசிலாந்து வந்து மூன்றுக்கு மூன்று ஜெயித்துப் போனது. இப்போது தென்னாப்பிரிக்கா, 2000-ல் குரோன்யே தலைமையில் வந்த அணிக்குப் பிறகு முதல் முறையாக. வாஷிங்டன் சுந்தரைக் கொல்கத்தாவில் மூன்றாவதாக இறக்கிவிட்டு அடுத்த ஆட்டத்திலேயே எட்டாவதாக இறக்கினார்கள். அதற்கு யாராவது எனக்குக் காரணம் சொல்லட்டும். எட்டாவதாக வந்தும் 48 எடுத்தான். குல்தீப் அவனோடு 134 பந்துகள் நின்றான். பயிற்சியாளர் கம்பீரை எதிர்த்து அரங்கத்திலேயே கோஷம் போட்டார்கள். அந்தக் கோஷத்தில் எனக்குப் பாதி உடன்பாடு இருந்தது. தேர்வைக் கேள்வி கேட்கலாம், பயிற்சியாளரைக் கேள்வி கேட்கலாம். நானும் கேட்டேன், அப்பாவிடம்! அவர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

ஆனால் நீ எழுதியது தேர்வைப் பற்றி இல்லை. இருபத்து நான்கு வயதுப் பையனின் பிறப்பைப் பற்றி எழுதினாய். அவன் அப்பா தடகள வீரர், அம்மா கைப்பந்து ஆடியவர். இதே சென்னையில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இப்படிப்பட்ட வரிகள் படும்.

எந்த இன்னிங்ஸுக்காக நீ அப்படி எழுதினாய் என்று பார்த்தாயா? நான்காம் நாள் மாலை இறங்கி, கடைசி நாளிலும் ஆடி, மொத்தம் 139 பந்துகள் நின்று 14 ஓட்டங்கள். எதிர்ப்பக்கம் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களின் மார்க்ரம் ஸ்லிப்பில் விழுந்ததையெல்லாம் பிடித்தார். விக்கெட் கீப்பராக இல்லாமல் ஒரே டெஸ்டில் ஒன்பது கேட்ச் பிடித்த ஆள் அதற்கு முன் உலகத்திலேயே கிடையாது. வெல்ல வழியில்லை, டிரா செய்யவும் வழி தெரியவில்லை. அந்த நேரத்தில் பந்துக்கு மேல் பந்தாக மட்டையை நேராக வைத்துக்கொண்டு நின்றான். ஜடேஜாவின் 54-ஐயும் இவனுடைய 14-ஐயும் தவிர அன்றைக்கு நான் ரசித்தது எதுவும் இல்லை. டிராவிட் இப்படி நின்றபோது உட்கார்ந்து பந்தை எண்ணிய பிள்ளை நீ. ஓட்டம் எடுக்காததைத் திட்டாமல், விடுகிற பந்தை எப்படி விடுகிறார் என்று பார்க்கச் சொல்லி எனக்கே சொல்லிக்கொடுத்தவன் நீ. அதனால்தான் கேட்கிறேன், அந்த வரியை எழுதியது யார்?

1999 ஜனவரி, சேப்பாக்கம். பாகிஸ்தான் டெஸ்டின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. பெல்ஸ் சாலையில் நாம் நின்ற வரிசை உனக்கு நினைவிருக்கும். 271 தேவை. முதுகைப் பிடித்துக்கொண்டே சச்சின் 136 அடித்தார். அவர் ஆட்டமிழந்தபோது பதினேழு ஓட்டங்கள்தான் பாக்கி, கையில் இன்னும் மூன்று விக்கெட். நான்கு ஓட்டங்களுக்குள் எல்லாம் முடிந்தது. பன்னிரண்டு ஓட்டங்களில் தோற்றோம். பெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நீ அழுதாய். சில நொடிகள் அந்த மைதானம் முழுக்க ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள், கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. உன்னை யாரும் எழச் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெஞ்ச் மேல் ஏறி நின்று நீயும் தட்டினாய். அவர்களின் சுழற்பந்து வீச்சாளர் சக்லைனுக்காகத் தட்டினேன் என்று வீடு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்து விக்கெட் எடுத்தாரே என்று உன் அத்தைக்கும் விளக்கினாய். அடுத்த ஞாயிறு டெல்லியில் கும்ப்ளே பத்து விக்கெட்டையும் எடுத்துத் தொடர் சமமானபோது தெருவையே இரண்டாக்கினாய். அதே பிப்ரவரியில் கொல்கத்தாவில் சச்சின் ரன் அவுட் ஆனதற்குக் கூட்டம் ரகளை செய்தது. போலீஸ் எல்லோரையும் வெளியேற்றிய பிறகு காலி அரங்கில்தான் அந்த டெஸ்டை முடித்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நீ ஒன்றும் சொல்லவில்லை. டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படித்தாய்.

நான் பெருமைப்பட்ட பிள்ளை அவன். இப்போதும் பெருமைதான். எங்கள் கிளையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் யாரும் என் பிள்ளை அளவுக்கு வரவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்க அணியின் முத்துசாமியைப் பற்றியும் குழுவில் கண்டபடி வந்தது. நாகப்பட்டினத்தில் வேர் உள்ள குடும்பம், டர்பனில் பிறந்த பையன், இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் சதம், 109. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நம் பெயரைத் தாங்கியவன் வேறு நாட்டுக்கு ஆடுகிறான் என்று கோபப்படும் உன் சித்தப்பா, நீ அமெரிக்காவில் இருப்பதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். அதை அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

ராஞ்சியில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஆட்டத்தில் கோலி 135 அடித்தவுடன் குழுவில் எல்லோரும் பட்டாசுப் படம் போட்டார்கள். நான்கு நாளுக்கு முன் நாடே மூழ்கிவிட்டதாக எழுதிய அதே ஆட்கள். அது எப்போதும் நடப்பதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆகஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக ஓவலில் சிராஜுக்கும் அதுதான் நடந்தது. புரூக்கின் கேட்சைப் பிடித்துவிட்டுக் கயிற்றை மிதித்தார் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை திட்டியவர்கள் திங்கட்கிழமை அவரைத் தோளில் தூக்கினார்கள். நான் பார்த்தது வேறொன்று. ராஞ்சிக்கு நீ ஒன்றுமே எழுதவில்லை.

ஓவலுக்கும் அழைக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆகஸ்ட் 4, அவர்களுக்கு 35 ஓட்டங்கள் வேண்டும், நமக்கு நான்கு விக்கெட். இங்கே மதியம் மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது, உனக்குக் காலை ஆறு. தோள் விலகிய வோக்ஸ் ஒரு கையைக் கட்டிக்கொண்டு இறங்கினார், ஓவல் எழுந்து நின்றது. அட்கின்சனின் ஸ்டம்பை சிராஜ் பெயர்த்தார். ஆறே ஓட்டங்களில் வெற்றி, தொடர் இரண்டுக்கு இரண்டு. அதே தொடரில் லார்ட்ஸில் உருண்டு போன பந்தில் போல்டாகி மட்டையில் சாய்ந்து நின்றவர்தான் அதை முடித்து வைத்தார். கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வயதில் விடுதிக்குப் போன நாளிலிருந்து ஒரு தொடர் முடிந்தால் நீ அழைப்பாய், வென்றாலும் தோற்றாலும். வார இறுதியில் நானாக அழைத்தபோது ‘பார்க்கவில்லை, வேலை’ என்றாய். நீ ஓவலைப் பார்க்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. பார்த்துவிட்டு யாரிடமும் பேசத் தோன்றவில்லை என்றுதான் நினைத்தேன். அது இன்னும் கவலையாக இருந்தது.

அன்றைக்கு சுபாவும் அழைக்கவில்லை.

சுபா வந்த புதிதில் ஃபாலோ ஆன் என்றால் என்ன, சில்லி பாயிண்ட் எங்கே நிற்பார் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். 2024 செப்டம்பரில் நீங்கள் வந்திருந்தபோது நாம் மூவரும் சேப்பாக்கம் போனோம். அந்த வெயிலில் அஸ்வின் வங்கதேசத்துக்கு எதிராகச் சதம் அடித்தார். உன் தொண்டை கட்டிப்போயிற்று, அவள் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். டிசம்பரில் பிரிஸ்பேனில் அஸ்வின் ஓய்வு அறிவித்த அன்று நீ அழைப்பதற்கு முன்பே அவள் என்னை அழைத்தாள், அழுதாள். அவளுக்கு என்னோடு பேச உன் வழியாக வர வேண்டிய தேவை ஒருபோதும் இருந்ததில்லை.

இந்த ஜூன் முதல் அவள் பேசவில்லை. கேட்டால் தூங்குகிறாள் என்கிறாய், வெளியே போயிருக்கிறாள் என்கிறாய். தீபாவளிக்கு உங்கள் இருவர் பெயரும் போட்டு வாழ்த்து வந்தது. அவள் எழுதினால் அப்படி எழுத மாட்டாள். ‘அத்தை’ என்று தொடங்காமல் அவள் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அப்பா, பிள்ளைகள் பெரியவர்கள், அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதே என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். நான் எட்டிப் பார்க்கவில்லை. உங்களுக்குள் யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவள் அம்மாவையும் நான் அழைக்கவில்லை. அழைக்கத் தோன்றியது, வைத்துவிட்டேன்.

கிரிக்கெட் தோல்விக்கு நீ எப்படிக் கோபப்படுவாய் என்று எனக்குத் தெரியும், ரகு. ஸ்கோர் கார்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடுவாய். பெயர் சொல்லி ஒருவனை மிதிக்க மாட்டாய். இரவு மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருவன்தான் அந்த வரியை எழுதியிருக்க முடியும். வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் போனைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். அவள் அங்கே இருக்கிறாளா, இல்லையா? இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இதைக் கேட்கத்தான்.

அந்த வரியை அழித்துவிடு. யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம், அழித்தால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு. பணம் குறைத்து அனுப்பு. ஒரு சம்பளத்தில் வாடகையும் கட்டிவிட்டு இவ்வளவு அனுப்புகிறாய் என்றால் எனக்குச் சோறு இறங்காது.

உனக்குச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அதாவது எனக்கு ஞாயிறு காலை ஆறரைக்கு, அழை. அப்பா பார்த்தசாரதி கோயிலுக்குப் போயிருப்பார், எட்டு மணி வரை வரமாட்டார். சுபா அங்கே இருந்தால் அவளிடம் கொடு. இல்லையென்றால் நீயே பேசு.

அன்புடன்,
அம்மா