ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி

இதழாசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேட்டதும் கட்டுரையும் படமும் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வகுப்பறையில் கையாள ஆசிரியர்களுக்கு அளிக்கும் பயிற்சி, அரைநாள் செயல்விளக்கத்தோடு முடிந்துவிடக் கூடாது. யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட ஆசிரியர்களுக்கான திறன் சட்டகம் 15 திறன்களை 3 படிநிலைகளில் வகுத்திருப்பதே, இது படிப்படியாகக் கைவர வேண்டியது என்பதைக் காட்டும்.

என் பத்தாம் வகுப்பில் இத்தகைய கருவியொன்றிடம் நட்பைப் பற்றிய குறள் கேட்டபோது, வள்ளுவர் எழுதாத இரண்டு அடிகளை அது அதிகாரப் பெயரோடு தயங்காமல் தந்தது. அவற்றைச் சீர் சீராகப் பிரித்து அலகிட மாணவர்களிடம் சொன்னேன். குறள் வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் எதிலும் அதன் ஈற்றுச்சீர் அடங்கவில்லை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். (யாப்பிலக்கணத்தில் இவ்வளவு ஆர்வத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.) கருவியின் பிழையையே பாடமாக்கும் இத்தகைய வழிகளை, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களைக் கொண்டே பாடவாரியாகத் தமிழில் தொகுக்கலாம்.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கு 13 வயதைக் குறைந்தபட்ச வரம்பாக யுனெஸ்கோ 2023-இல் பரிந்துரைத்திருப்பதால், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடத் தயாரிப்பு அளவிலான பயிற்சியே இப்போதைக்குப் போதும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.