கீழ்ப்படிதலைப் போதிக்கும் போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாடம் தயாரிக்க உட்கார்ந்தால் கீழ்ப்படிதல் என்ற தலைப்பு தவறாமல் வரும். வரவும் வேண்டும். ‘ஆண்டவரே, ஆண்டவரே’ என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதைச் செய்யாதவர்களைப் பார்த்து இயேசு கேட்ட கேள்வி லூக்கா 6:46-இல் இருக்கிறது. அதைத் தாண்டிப்போக எவராலும் முடியாது. எங்கள் மன்றாட்டு ஒன்றுதான்: யாருக்குக் கீழ்ப்படிவது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

1 சாமுவேல் 15-ஐ எடுத்துக்கொள்வோம். அமலேக்கியரின் ஆடுமாடுகளையும் மீதியில்லாமல் அழிக்கக் கர்த்தர் கட்டளையிட்டும், இஸ்ரவேலின் ராஜாவாகிய சவுலும் ஜனங்களும் நல்லவற்றைப் பலிக்கென்று தப்பவிட்ட சம்பவம் அது. பெரும்பாலான வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லி, ‘பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்’ என்பதை மனப்பாட வசனமாகக் கொடுத்து, ‘ஆகவே பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள்’ என்று முடித்துவிடுகிறோம். பாடம் 22-ஆம் வசனத்தோடு நின்றுபோகிறது. இரண்டு வசனம் தள்ளி, 24-இல், தன் பாவம் எது என்பதைச் சவுலே சொல்கிறான்: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறான். மனுஷர் சொல்லைக் கேட்டதுதான் அவனுடைய கீழ்ப்படியாமை! அதை விட்டுவிட்டால் பிள்ளைகள் நேர் எதிரான பாடத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

எனவே 13 முதல் 24 வரை பிள்ளைகளையே வாசிக்க வையுங்கள். சிறுவர் வகுப்பில் யுத்த விவரம் வேண்டாம். ‘கட்டளையை நிறைவேற்றினேன்’ என்று சவுல் சொல்லும்போதே ஆடுகள் கத்துகிற சத்தம் தீர்க்கதரிசியாகிய சாமுவேலின் காதில் விழுகிறதே, அங்கிருந்து தொடங்கினால் போதும். பிறகு, கர்த்தர் சொன்னது என்ன, ஜனங்கள் விரும்பியது என்ன, சவுல் யார் பேச்சைக் கேட்டான் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

வாலிபர் கூட்டத்துக்கு 1 இராஜாக்கள் 13. பிரசங்கங்களில் அபூர்வமாகவே கேட்கிற அதிகாரம் இது. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே என்று கட்டளை. ராஜாவாகிய யெரொபெயாம் வெகுமதி தருகிறேன் என்று கூப்பிட்டும் அவன் அசையவில்லை. ஆனால் வயதான ஒரு தீர்க்கதரிசி, ‘நானும் உம்மைப்போல் தீர்க்கதரிசிதான், தூதன் என்னோடே பேசினான்’ என்றதும் கூடவே போய்ச் சாப்பிட்டான். வழியிலே சிங்கம் அவனைக் கொன்றது. அந்த வயதான தீர்க்கதரிசி சொன்னது பொய் என்று 18-ஆம் வசனமே சொல்கிறது. ‘கர்த்தர் எனக்குச் சொன்னார்’ என்று யார் வந்து நின்றாலும், ஏற்கெனவே எழுதியிருக்கிற வார்த்தையோடு ஒத்துப்பார்க்க வாலிபர்கள் இங்கே கற்றுக்கொள்ளட்டும். பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 மெச்சுகிறது.

போதகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காணிக்கைக் கணக்கைக் கேட்கிற விசுவாசியிடம், நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற எபிரெயர் 13:17-ஐயும் ‘அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்பதையும் நீட்டுவது வசனத்தைத் தப்பாய்க் கையாளுவதாகும். நடத்துகிறவர்கள் உத்தரவாதம் பண்ணவேண்டியவர்கள் என்று அதே எபிரெயர் வசனம் சொல்கிறது. சங்கீதம் 105:15, அந்நிய தேசத்தில் அலைந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களைக் கடிந்துகொண்ட வார்த்தை. அபிஷேகம் பெற்ற தாவீதின் முகத்துக்கு நேரே ‘நீயே அந்த மனுஷன்’ என்று அவன் பாவத்தைத் தீர்க்கதரிசியாகிய நாத்தான் சுட்டிக்காட்டினாரே! எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தில் ஒருவரும் குற்றம் பிடிக்காதபடி பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). நீங்களும் வரவுசெலவை எழுதி, சபை பார்க்கும்படி வையுங்கள்.

எங்களுக்கு மிகவும் பாரமாயிருப்பது பிள்ளைகளின் காரியம். ‘பெரியவர்கள் என்ன சொன்னாலும் கேள்’ என்று பழக்கிய பிள்ளை, தப்பான எண்ணத்தோடு நெருங்குகிறவரிடமும் வாய் திறக்காது. பெற்றாருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:1-உம் ‘கர்த்தருக்குள்’ கீழ்ப்படியுங்கள் என்றே சொல்கிறது. பார்வோன் கட்டளையிட்டும் ஆண்பிள்ளைகளைக் கொல்லாத சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தார் என்பதையும் அதே மாதத்தில் ஒரு பாடமாக வையுங்கள். உடம்பைத் தொட்டு ‘யாரிடமும் சொல்லாதே’ என்பவர் ஆசிரியராயிருந்தாலும், ஏன், சபைப் போதகராகவே இருந்தாலும், கேட்கக் கூடாது, உடனே அம்மாவிடமோ நம்பகமான இன்னொருவரிடமோ சொல்ல வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்படி ஒரு பிள்ளை வந்து சொன்னால் சபைக்குள்ளேயே பேசி முடிக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ மற்றவர்களுக்குப் பிரசங்கிக்கிற நாம் இதில் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாமா? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்பறைச் சுவரில், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.