பந்தல் சாமானோடு ஒரு கமோடு நாற்காலியும்: மும்பை ஊர்ச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், ஆண்டாப் ஹில், செம்பூர் பகுதி ஊர்ச் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

கணுக்கால் பக்கம் எலும்பு முறிந்து பிளேட் வைத்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் எழுதுவது. ஆபரேஷனுக்குப் பணம் போதாதபோது சங்கம் வசூல் செய்து கொடுக்கிறது. பிளேட், ஸ்க்ரூ வாங்கியதும் அந்த நோட்டு மூடப்படுகிறது. அதற்கடுத்த மூன்று மாதத்துக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

உங்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே உள்பக்கம் தடவிப் பாருங்கள். தோல், அதற்கடியில் நேராக எலும்பு. சதை இல்லாததால் ரத்த ஓட்டமும் குறைவு. எலும்பு கூடுவதும் புண் ஆறுவதும் தாமதமாகும். வீங்கிய தோலைக் கிழித்தால் தையல் பிரிந்து பிளேட் வெளியே தெரியும். அதனால்தான் மோசமான முறிவுகளில் முதலில் வெளியே கம்பிக் கூடு மாட்டி, 10 முதல் 14 நாள், சிலருக்கு இன்னும் கூடுதலாக, தோலில் சுருக்கம் விழும்வரை டாக்டர் காத்திருக்கிறார். "சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள்" என்று குடும்பத்தார் சங்கத்துக்கு ஓடிவந்தால், அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான் என்று சொல்லி அனுப்புங்கள்.

எப்போது காலை ஊன்றலாம்? கணுமுட்டி (கணுக்காலின் பக்கங்களில் துருத்தும் எலும்பு) மட்டும் உடைந்து உறுதியாகப் பூட்டியிருந்தால் 2 முதல் 6 வாரத்துக்குள் டாக்டர் அனுமதிக்கலாம். மூட்டின் மேற்கூரையே நொறுங்கிய 'பைலான்' முறிவென்றால் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் ஊன்றவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் நடந்தாரே என்ற கணக்கு இங்கே உதவாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது எத்தனை வாரம், எத்தனை கிலோ என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். 20 கிலோ ஊன்றலாம் என்றால், எடை மெஷின்மேல் அந்தக் காலை வைத்து முள் இருபதைத் தொடும்வரை அழுத்திப் பழகுவதுதான் வழி. மனக்கணக்கில் எல்லோரும் கூடுதலாகவே ஊன்றுகிறார்கள்.

இனி நம் வீடுகள். மேல்மாடிக்குச் செங்குத்தான இரும்பு ஏணி. அதில் ஒற்றைக்காலால் யாரும் ஏற முடியாது. ஒரு தடவையாவது அடிபட்ட காலையும் ஊன்றி ஏறிவிடுவார்கள், ஸ்க்ரூ தளரும். சந்துக் கோடியில் பொதுக் கழிப்பறை. அங்கே குந்த வேண்டும். ஆகவே கீழ்த்தளத்தில் ஓர் இடமும், அடியில் சட்டி வைத்த கமோடு நாற்காலியும் கிடைத்தால் பாதிக் கவலை தீரும். சாதாரணப் படியென்றால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். அக்குள் கட்டையின் மேல்முனை அக்குளுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும், பாரம் உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும்.

புகையிலை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, ஏற்கெனவே ரத்தம் குறைந்த இடத்தில். மகாராஷ்டிராவில் 2012இலேயே குட்காவுக்குத் தடை வந்தும் பொட்டலம் புழங்கத்தான் செய்கிறது. பீடியை விட்டவர் காலையில் மிஷ்ரி (வறுத்துப் பொடித்த புகையிலை) பல்லில் தேய்ப்பார், அதைப் பல்பொடிக் கணக்கில் வைத்திருப்பார். நம் பெண்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. டாக்டர் "சிகரெட் பிடிப்பீர்களா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தையல் பிரிக்கவே நாளாகும். பாதம் மரத்தவர்களுக்கு ஊன்றாத காலமும் ஏறக்குறைய இரட்டிப்பு. வலி தெரியாததால் நடந்துவிடுவார்கள், பிளேட்டே உடையும்.

ஆட்டுக்கால் சூப்பு ஆசைக்குக் குடிக்கட்டும். ஆனால் 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும்.) ஊரிலிருந்து வரும் எண்ணெயைத் தையல்மேல் தடவுவதும், பிளேட் வைத்த காலுக்குப் புத்தூர் கட்டுப் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

படுக்கையில் பாதம் கீழே தொங்கியபடி ஆறு வாரம் கிடந்தால் ஆடுசதை இறுகி, எலும்பு கூடியும் குந்த முடியாது. டாக்டர் அனுமதித்ததும் பாதத்தில் துண்டை மாட்டித் தன்பக்கம் இழுத்து 30 விநாடி பிடிக்க வேண்டும், நாளுக்கு நாலைந்து தடவை. மற்ற நேரம் கால் நெஞ்சைவிட உயரமாகத் தலையணைமேல் இருக்கட்டும். ஆடுசதையில் புதிதாக வலி, வீக்கம், தையலில் சீழ், காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி. திடீரென மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: இரண்டு வாக்கர், இரண்டு ஜோடி அக்குள் கட்டை, ஒரு கமோடு நாற்காலி. அண்டா, ஜமுக்காளம் இருக்கும் அறையிலேயே வைக்கலாம், பாத்திர நோட்டிலேயே பெயர் எழுதி வாங்கிப் போகட்டும். திரும்பி வந்ததும் கட்டையின் அடி ரப்பரைப் பாருங்கள். வரி தேய்ந்திருந்தால் மாற்றாமல் அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், குறிப்பாக ஜூன் மழைக்கு முன்னால்.

இப்படிக்கு,
வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுகள் சிலர், மும்பை