மத்தியானம் கூப்பிடு

கோவில்பட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நீ பேராசிரியர் ஆனதைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பெரியத்தைக்கு மட்டும் நீ இன்னும் பைத்தியக்கார டாக்டர்தான். பிரசவம் பார்க்கிற படிப்பு கிடைக்கவில்லையா என்று கேட்கிறாள். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியோடு கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்த அன்று, ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து நீ வந்து நின்ற கோலம் அவளுக்கு என்ன தெரியும்? மனநல டாக்டரம்மா சாரதா மேனன் 1961-லேயே கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியைப் பொறுப்பேற்று நடத்தவில்லையா என்று நீ கேட்ட கேள்விக்கு அப்பாவாலேயே பதில் சொல்ல முடியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு வகுப்பெடுக்க பல்லாரி, ராய்ச்சூர் என்று அலைகிறாயாம். சாப்பிட்டுவிட்டுப் போ. பஸ்ஸில் தூங்குவதெல்லாம் தூக்கத்தில் சேர்த்தி இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். கோமதி வீட்டுப் பையனுக்காகத்தான். குடிக்கிறவனுக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுக்க ஒரு பொடி விற்கிறார்கள். மூலிகை என்று போட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதோ, யார் கண்டது? குடியை நிறுத்தக் கொடுக்கிற மாத்திரையை ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது, அது உள்ளே இருக்கும்போது குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து என்று நீ டிவியில் சொன்னாய். பொடியிலும் அந்த மாத்திரையைத்தான் இடித்துப் போட்டிருப்பார்களோ? பொட்டலம் கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. பிரிக்கவில்லை.

அந்தப் பையன் காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காப்பி குடிக்கிறான். அப்படியும் பாதி லுங்கியில். வெளியே போய்விட்டு வந்தால் கை நிதானமாகிவிடுகிறது. ஒரு வாரம் ரூமில் வைத்துப் பூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று உன் பேரைச் சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்கும் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வரமாட்டேன் என்கிறவனை எப்படிக் கூட்டிப்போவது? அதற்கும் உங்கள் படிப்பில் ஏதாவது வழி இருக்கும்தானே.

தம்பி நன்றாக இருக்கிறான். கடைக்குத்தான் சரியாகப் போவதில்லை. ஆடியில் நீ வந்திருந்தபோது மாடியில் அவனிடம் பேசியது கொஞ்சம் அதிகம். நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. குடி ஒரு நோய், திட்டினால் தீராது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவள் நீ. அவன் ஒன்றும் உன் மாணவன் இல்லை, தம்பி. நீ அனுப்பிய பேப்பர் கட்டிங்கை அவன்தான் வெட்டி, பீரோக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

கடலைமிட்டாய் தனிப் பார்சலில் வருகிறது. லேபில் எல்லாருக்கும் கொடுத்துவிடாமல் நீயும் சாப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

தீபாவளிக்கு லீவு இல்லை என்று சொல்லிவிடாதே. நாகர்கோவில் ரயில் இங்கே நிற்கத்தான் செய்கிறது. போனில் இதையெல்லாம் பேச முடியவில்லை, பக்கத்திலேயே இருக்கிறான். நீ கூப்பிடுவதானால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடு, அப்போது தூங்கிவிடுவான்.

அம்மா