விளக்கை அணைத்த தங்கைக்கும், அன்று உடன் நின்ற எல்லோருக்கும்

அப்பா நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. சாப்பிடுகிறார், தூங்குகிறார். மறதி நோயால் அவர் வழி தவறிக் காணாமல் போய், விடிய விடியத் தேடிய அந்த இரவைப் பற்றிக் கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. என்ன நடந்தது என்று இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும்; பாதிப் பேர் அங்கேயே நின்றவர்கள். அதனால் அதை மறுபடியும் சொல்லப்போவதில்லை. மனசு கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கென்னவோ ஆறுவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி, ட்ரோன் ஓட்டிய தங்கைக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் மீட்புப் பணியாளர் இல்லை. சூடான இடத்தைத் திரையில் வெள்ளையாகக் காட்டும் தெர்மல் கேமரா பொருத்திய ட்ரோனை வைத்து இரவுக் காவல் பார்ப்பவர். வேலிக்குள் யாராவது நுழைகிறார்களா என்று மேலிருந்து பார்ப்பதுதான் அவருடைய தினசரி வேலை. செய்தி காதில் விழுந்ததும் மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, காவல்துறைக்கும் சொல்லிவிட்டு, கருவியோடு வந்து இறங்கிவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

வந்ததும் எங்களிடம் கேள்வி கேட்டார். அதுவரை எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: என்ன நிறச் சட்டை? இவர் நிறத்தைக் கேட்கவே இல்லை. சட்டை கனமானதா மெல்லியதா, தலையில் ஏதாவது கட்டியிருக்கிறாரா, துணி நனைந்திருக்குமா என்று கேட்டார். அந்தக் கேமராவுக்கு நிறம் தெரியாதாம். கனமான துணி உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது முகமும் கையும்தான் பளிச்சென்று தெரியுமாம். கடைசியாக, "ஐயா எதுக்காவது பயப்படுவாரா?" என்று கேட்டார். அம்மா அழுகைக்கு நடுவே ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாகக் காதில் விழவில்லை. தங்கை தலையை ஆட்டிவிட்டுக் கருவியைக் கிளப்பப் போய்விட்டார்.

போவதற்கு முன் என்னிடம் ஒன்று சொன்னார். "அக்கா, இது இலைக்குள்ள பூந்து பார்க்காது. சுவருக்குள்ளயும் பார்க்காது. இடைவெளி கிடைச்சா அது வழியா பார்க்கும், அவ்வளவுதான். வெள்ளைப் புள்ளி தெரிஞ்சதும் அப்பான்னு நினைச்சுடாதீங்க." அப்படிச் சொல்லி வைத்தது எவ்வளவு பெரிய உதவி என்று அடுத்த சில மணி நேரத்தில் புரிந்தது. பகல் முழுக்க வெயில் குடித்த பாறைகள் இருட்டிய பிறகும் சூட்டை விடாமல் வைத்திருந்தன. திரையில் எங்கே பார்த்தாலும் வெள்ளை. ஒன்றைக் காட்டி நான் பதறும்போதெல்லாம் அவர் ட்ரோனைச் சற்று நகர்த்தி வேறொரு கோணத்தில் பார்ப்பார். "பாறை." இன்னொன்று தானாக நகரும். "நாலு கால் இருக்கு, பாருங்க." அரைமணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கிப் பேட்டரி மாற்றி, விட்ட இடத்திலிருந்தே மறுபடியும் உழுவது மாதிரி வரிசை வரிசையாகப் போய்வந்தார். நள்ளிரவு தாண்டிப் பாறைகள் ஆறட்டும், அப்புறம்தான் நமக்கு நல்ல நேரம், விடிவதற்கு முன் இன்னும் நன்றாகத் தெரியும் என்றார். எனக்கு நேரம் போகப் போக நம்பிக்கை தேய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு அது கூடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, தூக்கம் வராத நேரங்களில் இந்தக் கருவியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். அங்கேயும் சூடு ஏறியது. அப்படித் தெரிய வந்ததுதான் அகச்சிவப்புக் கதிர். நம் உடம்பும் ஓயாமல் அகச்சிவப்பை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தைத்தான் இந்தக் கேமராக்கள் வாங்கிப் படமாக்குகின்றன. வெளியிலிருந்து ஒரு துளி வெளிச்சமும் தேவையில்லை. உயிரோடு இருக்கிற உடம்பு தன் இருப்பைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த இரவுக்குப் பிறகு படித்தபோது, வெறும் அறிவியல் தகவலாக என்னால் படிக்க முடியவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

ஓடைக்கரைப் புதர் ஓரத்தில் அந்த உருவம் தெரிந்தபோது தங்கை எதுவும் சொல்லவில்லை. ட்ரோனைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கத்திலிருந்து பார்த்தார். கிளைகளுக்கு நடுவே ஒரு முகம் வெள்ளையாக, ஒரு கை வெள்ளையாக, மற்ற உடம்பெல்லாம் மங்கலாக. உறுதி செய்துகொள்ள ஸ்பாட்லைட்டைப் போட்டார். வெளிச்சம் பட்டதுமே அந்தக் கை முகத்துக்கு ஏறியது. உருவம் குறுகியது, அப்புறம் எழுந்து தள்ளாடி ஓடைப் பக்கம் நகரத் தொடங்கியது. அந்த நொடியே அவர் விளக்கை அணைத்துவிட்டார். ட்ரோனை உயர்த்தி, தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார்.

சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். லைட்டைப் போடுங்க, ஆள் போகிறார், லைட்டைப் போடுங்க! ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார் ஒருவர். தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எனக்கு அவர் வெளிச்சம் இல்லாமலே தெரியறார். அவருக்கு நான் தெரிய வேண்டாம்."

அம்மா முணுமுணுத்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா இருட்டுக்குப் பயப்பட மாட்டார், முகத்தில் அடிக்கிற வெளிச்சத்துக்குத்தான் பயப்படுவார். அவ்வளவு களேபரத்தில் ஒரு வயசான அம்மாவின் வாயிலிருந்து பாதியாக வந்த ஒரு வாக்கியத்தை, முன்பின் தெரியாத ஒரு பெண் காதில் வாங்கி, அத்தனை மணி நேரம் மனதில் வைத்திருந்து, தேவைப்பட்ட நொடியில் எடுத்திருக்கிறார். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெளிச்சம் போனதும் அப்பா நின்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முதலில் படுத்திருந்த இடம் திரையில் லேசாக வெளுத்துத் தெரிந்தது. சருகின் மேல் ஒரு மங்கலான தடம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துகொண்டிருந்தது. தங்கை அதை விரலால் தொட்டுக் காட்டினார். "தரையைச் சுட வைக்கிற அளவுக்கு உடம்புல சூடு இருக்கு அக்கா. அழாதீங்க." அந்த நேரத்தில் அதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. இரண்டு கையிலும் வேலை இருந்தது.

அதன் பிறகு வாக்கி டாக்கியில் நடந்து போனவர்களுக்கு வழி சொன்னார். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடிங்க. பின்னாலிருந்து போகாதீங்க, அவர் முகத்துக்கு நேராகப் போங்க. தம்பி முன்னால் வரட்டும், மற்றவங்க நில்லுங்க. திரையில் ஒரு வெள்ளை உருவம் இன்னொன்றின் அருகில் போய் மெதுவாக உட்கார்ந்தது. அப்பா என் தம்பியின் கையைப் பிடித்தாராம். அதைத் திரையில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தம்பி பிறகு சொன்னான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவரிடம் ஒரு நிமிடம் பேச முடிந்தது. காவல் வேலையில் விளக்கைப் போடுவது, உன்னைப் பார்த்துவிட்டோம் என்று உள்ளே நுழைந்தவனுக்குத் தெரிவிக்கத்தான். பெரும்பாலும் அந்த வெளிச்சத்திலேயே ஆள் ஓடிவிடுவான் என்றார். அதே கருவி, அதே திரை, அதே வெள்ளை உருவம். ஒரு இடத்தில் ஆள் ஓட வேண்டும், இன்னொரு இடத்தில் ஆள் நிற்க வேண்டும். இந்த வித்தியாசம் எந்தக் கேமராவுக்கும் தெரியாது. ட்ரோன் வாங்க எல்லோரும் செலவு செய்கிறார்கள், நல்லதுதான், செய்யட்டும். ஆனால் அதை ஓட்டப் பழக்கும்போது, கீழே இருப்பவர் குழந்தையாக இருந்தால், மறதி நோயாளியாக இருந்தால், காது கேளாதவராக இருந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பழக்க வேண்டும். காவல் பணிக்குப் பழகுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம் என்பது என் கருத்து. வேலியோரத்தில் தெரிகிற உருவம் எப்போதும் திருடனாக இருக்கப்போவதில்லை. வழி தெரியாமல் வந்து நிற்கிற யாரோ ஒருவருடைய அப்பாவாகவும் இருக்கலாம்.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கயிறும் ஸ்ட்ரெச்சரும் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கிய தீயணைப்பு வீரர்கள். விடியும்வரை உட்காராத காவலர்கள். அம்மாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டு அக்காக்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வார்டு செவிலியர்கள். தங்கள் கருவியையும் பேட்டரிகளையும் கணக்குப் பார்க்காமல் அனுப்பிவைத்த அந்தக் காவல் குழுவினர். புதரில் கால் கிழிய அப்பாவைத் தேடிக்கொண்டிருந்த இளைஞர்களே, உங்களை வெளியே வரச் சொன்னபோது உங்களுக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரியும். மேலிருந்து பார்த்தால் நீங்களும் வெள்ளை உருவம்தான், உங்களுக்கு நடுவே அப்பாவைப் பிரிக்க முடியாது என்று சொன்னதும் ஒருவர் விடாமல் சாலைக்கு வந்து நின்றீர்கள். தேடுவதைவிடச் சும்மா நிற்பது அன்று கஷ்டமாக இருந்திருக்கும். திரையைப் படம் பிடிக்கப் போனைத் தூக்கிய தம்பி, தங்கை "இது ஐயாவோட வீடியோ" என்றதும் ஒரு வார்த்தை பேசாமல் போனைப் பையில் வைத்தீர்களே, உங்களுக்கும் நன்றி.

நான் செய்யப்போவதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். எழுதினால் நான் தட்டிக்கழிக்க முடியாது. அப்பாவைப் பற்றி ஒரு தாளில் எழுதி வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பெயர் சொன்னால் திரும்புவார், எதற்குப் பயப்படுவார், எந்தப் பக்கம் நடக்க விரும்புவார், என்ன மாத்திரை. மறதி நோய் உள்ளவர்கள் பலர், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார்கள், உதவி கேட்டும் கத்த மாட்டார்கள். அவர்களுக்காக அந்தத் தாள் பேசட்டும். எனக்குத் தெரிந்த, வீட்டில் இப்படிப் பெரியவர்கள் இருக்கிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி எழுத வைப்பேன். தன்னார்வத் தேடல் குழுவில் பெயரும் கொடுத்துவிட்டேன். ட்ரோன் ஓட்டத் தெரியாது. குடும்பத்தாரோடு உட்கார்ந்து அவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டு எழுதிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டுமல்லவா, அதை நான் செய்கிறேன்.

தங்கை, அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறார். இரவு வேலை முடிந்து நன்றாகத் தூங்கி எழுந்து, ஒருநாள் பகலில் வீட்டுக்கு வாருங்கள். அப்பாவுக்கு உங்களை அடையாளம் தெரியாது, அம்மா சொல்லிக்கொள்வார். வருவதற்கு முன்னால் ஒரு போன் மட்டும் செய்யுங்கள்.