ஒரு கணினிக்கு இருவர் போதும், நால்வர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி வேண்டும் என்ற குரல் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. நியாயமான குரல்தான். ஆனால், 2017-இல் மலேசிய இடைநிலைப்பள்ளிகளுக்கு வந்த அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்தில், நிரல் எழுதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இருவருக்கு ஒரு கணினி என்பதே மேல். பல கணினி அறைகளில் நடப்பதோ வேறு. குழுப்பணி என்று நால்வரை ஒரு திரைமுன் உட்கார வைக்கிறோம். கை வேகமுள்ள ஒருவன் தட்டுகிறான், இன்னொருத்தி பார்க்கிறாள், மற்ற இருவரும் ஊர்க்கதை பேசுகிறார்கள்.

மென்பொருள் நிறுவனங்களில் 1990களின் பிற்பகுதியில் பரவிய ‘பேர் புரோகிராமிங்’ முறை, அதாவது இருவர் ஒரே கணினியில் சேர்ந்து நிரல் எழுதுவது, வகுப்புக்கும் பொருந்தும், விதிகளில் கண்டிப்பு இருந்தால். விசைப்பலகையும் மவுஸும் ஒருவர் கையில். மற்றவர் வாயால்தான் வழி சொல்ல வேண்டும், கை நீட்டக் கூடாது. 8 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மணியடித்து ஆளை மாற்ற வேண்டும். மாணவரிடமே விட்டால் மாறமாட்டார்கள். வகுப்பில் கெட்டிக்காரரையும் பின்தங்கியவரையும் சேர்ப்பது நல்லெண்ணம்தான், ஆனால் சற்று நேரத்தில் விசைப்பலகை கெட்டிக்காரரிடம் நிரந்தரமாகப் போய்விடும். கிட்டத்தட்ட ஒரே நிலையில் உள்ளவர்களைச் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஜோடியைக் கலைப்பது நல்லது. எண்ணிக்கை ஒற்றைப்படையா? மூன்றாமவர் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் மாறிகளின் (நிரலில் மதிப்பைத் தாங்கும் பெயர்களின்) மதிப்பை அட்டவணையில் எழுதட்டும். சொல்லப்போனால், அதிகம் கற்பவர் அவராகவே இருப்பார்.

நிரலை ஓட்டும் ‘ரன்’ பொத்தானை அழுத்துமுன் விடை என்ன வரும் என்று இருவரும் தாளில் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். பைத்தான் நிரல்மொழியில் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரலில் ஒரு சிறு தவறு இருந்து, 5, 7 என்று கொடுத்தால் திரையில் 57 வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. தனியாக இருக்கும் பிள்ளை ‘வேலை செய்யுது’ என்று அடுத்த கேள்விக்குப் போய்விடும். தாளில் 12 என்று எழுதிய ஜோடிதான் ‘ஏன்?’ என்று நிற்கும். ‘இன்புட்’ கட்டளை எதை வாங்கினாலும் எழுத்தாகவே தரும், அதனால் கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவிடும், ‘இன்ட்’ போட்டால்தான் எண்ணாகும் என்பது அந்த இடத்தில்தான் மனத்தில் பதியும். அந்த விவாதம் தமிழில் நடந்தால் நடக்கட்டும். பாடம் மலாய், பிழைச்செய்தி ஆங்கிலம் என்று திணறும், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு யோசிக்க ஒரு மொழி வேண்டாமா?

கணினி பழுதான நாளுக்குத் தாள்துண்டுகள் போதும். நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பெட்ரீசியா ஹேடனும் 2006-இல் வெளியிட்ட புதிர் வடிவம் இது. 8 முதல் 10 வரி நிரலை அச்சிட்டு, வரிவரியாக வெட்டி உறையில் போடுங்கள், மாணவர் அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கட்டும். சமமா என்று கேட்கும் == வரவேண்டிய இடத்தில், மதிப்பைத் தரும் = உள்ள வரி ஒன்று, முக்காற்புள்ளி விட்ட வரி ஒன்று என இரண்டு பொய் வரிகளைக் கலந்துவிடுங்கள். வரியின் முன்னிடைவெளியை அச்சிட வேண்டாம். கட்டத்தாளில் அவர்களே தள்ளி வைத்துக் காட்டட்டும்.

கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில் ஓர் எச்சரிக்கை. ஒரே பயனர் கணக்கில் இரு கணினிகளில் ஒரே புரோஜெக்டைத் திறந்தால், கடைசியாகச் சேமித்தவரின் வேலை மற்றவருடையதை அழித்துவிடும். வேலையைப் பிரிப்பதானால், ஸ்பிரைட்டை (திரையில் நகரும் உருவத்தை) அதன் நிரலோடு தனிக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து ஒரே கணினியில் சேர்க்க வேண்டும்.

‘கூட்டாளி செய்ததற்கு என் பிள்ளைக்கு ஏன் மதிப்பெண்?’ என்று பெற்றோர் கேட்பது சரியே. ஜோடியின் நிரலில் ஆசிரியர் ஒரு வரியை மாற்றிவிட்டு, இனி என்ன விடை வரும் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்கலாம். ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இப்பாடத்தின் பாடவேளைகளை இரண்டிரண்டாக ஒட்டினாற்போல் கொடுங்கள். 60 நிமிடத்தில் தொடக்கமும் முடிப்பும் போக 40 நிமிடம், அதாவது ஐந்து சுற்று கிடைக்கும். தனித்தனியாக 30 நிமிடம் என்றால், கணினியைத் திறந்து கடவுச்சொல்லைத் தேடி முடிப்பதற்குள் மணியடித்துவிடும்.

இப்படிக்கு,
கணினிப் பாட ஆசிரியர்கள் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு